எஞ்சினை இறக்க வேண்டுமாம்!



தர்மபுரத்தில் இருந்து ஒரு சகோதரி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் விற்றுப் பிழைக்கிறவர். ஸ்கூட்டியில் இருந்து ஏதோ சத்தம் வருகிறதென்று கராஜுக்குக் கொண்டுபோனாராம். 28,000 ரூபா முடியும், உடனே செய்யாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்று சொன்னார்களாம். "அக்கா, அவர்கள் சொல்வது உண்மையோ பொய்யோ என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை நானும் ஒரு நாள் கேட்டு அழுதிருக்கிறேன். அதனால் இந்த மாதம் அந்தக் கதையையே எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஓட்டோ இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். நான் வாங்கும்போதே இரண்டு பேரின் கை மாறி வந்திருந்தது. காலையிலும் மதியமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இடைநேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயது போனவர்கள், சந்தைக்கு மரக்கறி கொண்டு போகிறவர்கள் என்று ஏதாவது ஓட்டம் கிடைக்கும். 2009 இல் என் கணவரை இழந்த பிறகு தோட்டக் கூலி, தையல், கோழி வளர்ப்பு என்று எல்லாம் செய்து பார்த்தேன். இந்த ஓட்டோ வந்த பிறகுதான் மாத முடிவில் கையில் கொஞ்சம் காசு மிஞ்சத் தொடங்கியது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதன் எஞ்சினால்தான்.

வாகனம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வருமான அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். கடைசித் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான் பரிசோதனைக்குப் போனேன். என் ஓட்டோ தேறவில்லை. கையில் ஒரு தாளைத் தந்து, "திருத்திக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே கராஜுக்குப் போனேன்.

கராஜில் ஒரு தம்பி வேலை செய்துகொண்டிருந்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரண்டு தரம் அக்சிலேற்றரை முறுக்கினார். பின்னால் கரும்புகை வந்தது. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருந்தது.

"அக்கா, இது எஞ்சின் வேலை. றிங் போயிட்டுது. எஞ்சினை இறக்கித்தான் ஆகவேணும்."

"எவ்வளவு முடியும் தம்பி?"

"பிஸ்டன், றிங், வால்வ், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து ஒரு 75 போகும். பின் பிரேக் சூவும் தேஞ்சு போச்சு. அதையும் சேர்த்துச் செய்யலாம். இப்படியே ஓடினா நடு றோட்டில நிண்டிடும். வீட்டுக்காரரோட கதைச்சிட்டு வாங்கோ."

வீட்டுக்காரர் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லிப் பழகிவிட்டாலும், கராஜ் வாசலில் நாலு ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சொல் தொண்டைக்குள் நின்றுவிடுகிறது. "கதைச்சிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

75,000 ரூபாவுக்கு நான் எங்கே போவேன்? கிழமைக் கடன் தருகிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் வந்து போகிறார்கள். அந்தக் கடனை எடுத்து, கட்ட முடியாமல், கடன்காரர் வரும்போது பிள்ளைகளை முன்னுக்கு விட்டுப் பின்கதவால் போன சகோதரிகளை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். மிஞ்சியிருந்தது மகளின் சங்கிலி மட்டும்தான். அவளுடைய அப்பா வாங்கியது. முள்ளிவாய்க்கால் வரைக்கும் நான் மடியில் முடிந்துகொண்டு போய், மெனிக்பாம் முகாமிலும் விற்காமல் வைத்திருந்தது. அடுத்த நாள் காலையில் அதை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு அடகு வைக்கப் புறப்பட்டேன்.

வழியில் எங்கள் மாதர் சங்கத்தில் இருக்கும் ஒரு அக்காவைக் கண்டேன். விசயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"டொக்டர் வயித்தைக் கீற வேணும் எண்டு சொன்னா, இன்னொரு டொக்டரிட்டக் காட்டாமல் படுத்திடுவியோ?"

அவரே எனக்கு ஒரு வயதான மெக்கானிக்கைக் காட்டித் தந்தார். அவருக்குக் கராஜ் என்று பெயர்ப்பலகை கிடையாது. வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டில், இரண்டு பெட்டி சாவிகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஓடிய காலம். அந்தக் காலத்தில் புதுச் சாமான் வாங்க வழியில்லாமல், பழையதை வைத்தே வண்டிகளை ஓட வைத்த கைகள் அவருடையவை.

அவர் முதலில் சாவியை எடுக்கவில்லை. ஒரு வாங்கைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். பிறகு கேள்வி கேட்டார்.

"புகை என்ன நிறம் பிள்ளை?"

"கறுப்பு அண்ணை."

"காலமை முதல் ஸ்டார்ட்டில மட்டும் வருதோ, எந்த நேரமும் வருதோ?"

"எந்த நேரமும்."

"பெற்றோல் கூடப் பிடிக்குதோ?"

"ஓம் அண்ணை, இரண்டு மாசமா."

"எண்ணெய் குறையுதோ? இடையில ஊத்தினனியோ?"

"இல்லை."

"பரிசோதனைத் தாள் எங்கை?"

பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அதில் காபன் மொனொக்சைட்டு என்ற வாயுவின் அளவு கூடுதலாக இருந்தது. "பெற்றோல் சரியா எரியக் காத்து வேணும். காத்துக் காணாமல், பெற்றோல் கூடிப்போனால் இந்த வாயு கூடும், கரும்புகையும் வரும். முதலில காத்து எங்கை அடைபடுது எண்டு பாப்பம்" என்றார்.

பிறகுதான் சாவியைத் தொட்டார். காற்று வடியைக் கழற்றினார். சகோதரிகளே, அதற்குள் இருந்த தூசியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிறவல் ஒழுங்கைச் செம்மண்ணும் நெல் உமியுமாக ஒரு சிரட்டைக்கு மேல் கொட்டியது. அடுத்ததாகச் சோக் கம்பியைப் பார்த்தார். நான் காலையில் இழுக்கிற சோக், திரும்ப விட்டாலும் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. அதாவது நாள் முழுக்க எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். அது கரிபோலக் கறுத்து, ஆனால் காய்ந்திருந்தது.

"இது ஈரமா, எண்ணெய்ப் பசையோட இருந்தால் நான் பயப்படுவன். காய்ஞ்ச கரி எண்டா பெற்றோல் கூடின கரி. எஞ்சினுக்குள்ள எண்ணெய் போகேல்லை."

"அந்தத் தம்பி எண்ணெய் கறுத்துப்போச்சு எண்டு சொன்னாரே அண்ணை?"

"எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். எஞ்சின் ஊத்தையைத் தன்னில எடுக்கிறதுதான் அதின்ர வேலை. மாத்திற காலம் வந்திட்டுது எண்டு அர்த்தம். எஞ்சின் முடிஞ்சுது எண்டு அர்த்தமில்லை."

கடைசியாக, பிளக் இருந்த துவாரத்தில் ஒரு அளவுமானியைப் பூட்டி எஞ்சினைச் சுற்றவைத்தார். எஞ்சினின் அமுக்கத்தை அளக்கிற கருவி அது. றிங்கோ வால்வோ தேய்ந்திருந்தால் அமுக்கம் குறைந்து காட்டுமாம். குறைந்தால் துவாரத்துக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்களாம். அப்போது அமுக்கம் ஏறினால் குறை றிங்கில், ஏறாவிட்டால் வால்வில். என்னுடையது நல்லபடியாகவே இருந்தது. இரண்டாவது பரிசோதனை தேவைப்படவில்லை.

புதுக் காற்று வடி, புதுச் சோக் கம்பி, பிளக், எண்ணெய் மாற்றம், கார்பரேற்றர் கழுவியது, அவருடைய கூலி எல்லாம் சேர்ந்து 9,000 ரூபாவுக்குள் முடிந்தது. இரண்டு நாளின் பின் புகைப் பரிசோதனைக்குப் போனேன். தேறியது. மகளின் சங்கிலி திரும்பவும் றங்குப் பெட்டிக்குள் போனது.

இந்தக் கதையை இத்தோடு முடித்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். என் பிழை அங்கேதான் இருக்கிறது.

முதலாவது தம்பி எஞ்சினைப் பற்றிச் சொன்னது பிழை என்று தெரிந்தவுடன், அவர் சொன்னது எல்லாமே பொய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பிரேக் சூ தேய்ந்துவிட்டது என்றும் அவர் சொன்னார் அல்லவா? அதை நான் அந்த அண்ணையிடம் வாய் திறந்து சொல்லவேயில்லை. "காசு பறிக்கத்தானே சொன்னவன்" என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு மதியம். ஓட்டோவுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மதகுக்குக் கிட்ட ஒரு சின்னப் பெடியன் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டான். நான் பிரேக்கை மிதித்தேன். மிதி கீழே போய்க்கொண்டே இருந்தது. பின் சில்லில் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது. கைப்பிரேக்கையும் இழுத்து, கரைக்குத் திருப்பி, மதகுக் கட்டில் முட்டுகிற மாதிரிப் போய் நின்றேன். பெடியனுக்கும் சைக்கிளுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகளின் புத்தகப்பைகள் எல்லாம் முன்னுக்கு வந்து விழுந்தன. ஒரு பிள்ளை, "அன்ரி, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்ட பிறகுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. மற்றவர்கள் பெற்று என்னை நம்பி ஏற்றிவிட்ட பிள்ளைகள் அவர்கள்.

அண்ணையிடம் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். சில்லைக் கழற்றிக் காட்டினார். சூவின் மேல்தகடு முற்றாகத் தேய்ந்து, இரும்பு வெளியே தெரிந்தது.

"இதை ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லையோ பிள்ளை?"

"சொன்னவர் அண்ணை. நான்தான் நம்பேல்லை."

அவர் என்னைப் பேசவில்லை. "நானும் அண்டைக்குப் பாத்திருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு நாள் அந்த முதல் கராஜுக்கும் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, புகையைப் பாத்த உடன சொல்லிட்டன். பிளக்கைக் கழட்டிப் பாக்கேல்லை. அண்டைக்கு ஆறு வண்டி நிண்டது" என்றார். அவர் ஏமாற்ற நினைத்தாரா, அவசரப்பட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் திடமாகத் தெரியாது. ஆனால் ஒன்று விளங்கியது. ஆள் நல்லவனா கெட்டவனா என்று பார்த்து முடிவெடுக்க முடியாது. சொல்கிற ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, எப்படிப் பார்ப்பது? நான் பட்டுப் பழகிய முறையைச் சொல்கிறேன்.

புகையின் நிறத்தைப் பாருங்கள்

கரும்புகை என்றால் பெற்றோல் கூடுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. காற்று வடி, சோக், கார்பரேற்றர் என்று மலிவானதில் இருந்து தொடங்கலாம். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலாக இருக்கலாம். ஓடும்போது, முறுக்க முறுக்க நீலப்புகை கூடி எண்ணெயும் குறைந்துகொண்டு போனால் றிங் வேலை உண்மையாகவே இருக்கலாம். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் புகை வரும் என்பதால் முதலில் குச்சியை இழுத்து அளவைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து சிறிது நேரத்தில் மறைந்தால் பயப்பட வேண்டாம். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடுகிற பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கொஞ்சம் நீலப்புகை வழமையானது.

பிற்போடக் கூடாத வேலைகள்

பிரேக் மிதி வழமையை விடக் கீழே போவது, மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்குவது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது, சில்லில் இரும்பு உரசுகிற சத்தம், பிரேக் எண்ணெய் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே திருத்த வேண்டும். மழைநாளில் வெள்ளத்துக்குள்ளால் வந்த பிறகு பிரேக் பிடிக்காவிட்டால் அது ஈரத்தால் வந்ததாக இருக்கலாம். மெதுவாக ஓடிக்கொண்டே இலேசாகச் சில தடவை மிதித்துக் காயவிடுங்கள். காய்ந்தும் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கைபிடி ஆடுவது, சில்லு ஆடுவது, ரயரில் நூல் தெரிவது, பெற்றோல் கசிவது, இரவில் விளக்கு எரியாமல் விடுவது, இவையும் அப்படித்தான். இந்த வேலைகளில் விலை பேசலாம். நாள் தள்ளக் கூடாது. சில்லு பெயரிங்கைப் பார்க்க, சில்லை நிலத்தில் இருந்து உயர்த்தி இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மெக்கானிக் சொல்வது சரி.

நிரூபித்த பிறகு சம்மதிக்க வேண்டிய வேலைகள்

எஞ்சின் இறக்குவது, கியர்ப்பெட்டி பிரிப்பது, கிளச் தட்டு மாற்றுவது, புதுக் கார்பரேற்றர், புதுப் பற்றரி, இவை எல்லாம் பெரிய காசு. கிளச் வழுக்குகிறது என்றால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அப்படி இருந்தாலும் முதலில் கிளச் கேபிளைச் சரிப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் இறுகி இருந்தாலும் கிளச் வழுக்கும். பற்றரி இறங்குகிறது என்றால் முனைகளில் பூத்திருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா, ஓடும்போது பற்றரிக்கு மின் ஏறுகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின் ஏறாவிட்டால் புதுப் பற்றரி வாங்கினாலும் அதுவும் இறங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள் தம்பி? எனக்கும் காட்டுங்கோ." இது முதல் கேள்வி. உண்மையாகப் பார்த்தவர் சந்தோசமாகக் காட்டுவார்.

"இன்றைக்குச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? ஒரு மாதம் பொறுக்கலாமா?" இது இரண்டாவது. ஆபத்தான வேலையையும் பொறுக்கக்கூடிய வேலையையும் இது பிரித்துத் தரும்.

"இதை விட மலிவாக வேறு ஏதும் காரணம் இருக்குமா? அதை முதலில் பார்ப்போமா?" இது மூன்றாவது.

"சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதித் தாங்கோ." இது நாலாவது. அந்தத் துண்டைக் கொண்டுபோய்ச் சாமான் கடை இரண்டில் விலை கேளுங்கள். ஒறிஜினல் என்ன விலை, மற்றது என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ரூபாவின் பெறுமதியும் விழுந்த பிறகு பழைய விலைகள் எல்லாம் மாறிவிட்டன. "முந்தி இவ்வளவுதானே" என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. இன்றைய விலையைத் தெரிந்துகொண்டு கதையுங்கள்.

"கழற்றுகிற பழைய சாமானை எனக்குத் தாங்கோ." இது கடைசிக் கேள்வி. வேலை தொடங்குவதற்கு முன்னமே இதைச் சொல்லிவிட வேண்டும். பழைய சாமானைக் கேட்கிறவரிடம் மாற்றாததை மாற்றினேன் என்று சொல்வது கஷ்டம்.

பெரிய வேலை என்றால் கட்டாயம் இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள். முதல் ஆள் என்ன சொன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "இப்படி இப்படி இருக்கிறது, பாருங்கோ" என்று குறையை மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேரும் தாமாகவே ஒரே காரணத்தைச் சொன்னால், அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் என்னை மாதிரி, ஒரு ஆள் சொன்ன குறை ஒன்றை மறைத்துவிட்டு வராதீர்கள். இரண்டாவது ஆள் பார்த்து முடித்த பிறகு, "பிரேக்கையும் ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்டிருந்தால் எனக்கு அந்த மதகடி வந்திருக்காது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் சாமான் விற்கிறவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். ஏமாற்றப்பட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவைகளுக்கும் இது பொருந்தும். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாட்டுக்குப் பலம் குறையும். ஆகவே சின்ன வேலை என்றாலும் துண்டு வாங்குங்கள்.

இப்போது என் ஓட்டோவுக்குள் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில், என்ன வேலை, யார் செய்தது, எவ்வளவு காசு என்று எழுதி வைக்கிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் ஓட்டோவும் ஸ்கூட்டியும் வைத்திருக்கிற ஐந்து பேர், மாதக் கூட்டம் முடிந்த பிறகு இந்தக் கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எந்தச் சாமான் எங்கே என்ன விலை, எது எத்தனை மாதம் உழைத்தது என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. யாராவது ஒருவருக்குப் பெரிய வேலை என்று சொன்னால் இன்னொருவர் கூடப் போகிறார். இரண்டு பெண்கள் சேர்ந்து நின்று கேட்கும்போது, "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. ஓட்டம் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 100 ரூபாவை ஒரு பேணிக்குள் போடுகிறேன். வண்டிக்கென்று அந்தக் காசு. வீட்டில் உப்பு இல்லாவிட்டாலும் அதில் கை வைப்பதில்லை. கையில் காசு இல்லாத நேரத்தில்தான் எந்த ஒரு பேச்சும் எங்களைப் பயமுறுத்துகிறது. பேணிக்குள் கொஞ்சம் இருந்தால், "நாளைக்கு வாறன் தம்பி" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு யோசிக்க வரலாம்.

தர்மபுரத்துச் சகோதரியே, உங்கள் 28,000 ரூபாவைப் பற்றி இங்கே இருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? பிரேக் பிடிக்கும்போது கூடுகிறதா? நிற்கும்போதும் அதே சத்தம் வந்தால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் வந்து, சில்லு சுற்றுகிற வேகத்தோடு கூடிக் குறைந்தால் சில்லு, பெயரிங், பிரேக் பக்கம் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இன்னொரு கராஜுக்குப் போங்கள். அதுவரைக்கும் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றாமல் ஓட வேண்டாம். இரண்டாவது ஆளும் அதையே சொன்னால், மனம் கோணாமல் அந்த வேலையைச் செய்யுங்கள். உங்கள் வயிற்றுப்பாடு அந்தச் சில்லுகளில்தான் ஓடுகிறது.

அந்த முதல் தம்பியிடம் நான் இப்போதும் போகிறேன். போன மாதம் முன் ரயரை மாற்றச் சொன்னார். "காட்டுங்கோ தம்பி" என்றேன். ஓட்டோவைச் சரித்து, ரயரில் நூல் தெரிகிற இடத்தைக் காட்டினார். பேணிக் காசை எடுத்து மாற்றினேன். பழைய ரயரை நான் கேட்க முன்னமே தூக்கி ஓட்டோவுக்குள் வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள் சகோதரி. அடுத்த மாதம் சந்திப்போம்.